பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் முடிவு பிள்ளைகள் கையில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் விடுமுறை விளையாட்டுகள் பற்றி வந்த பக்கத்தில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். டெல்டா மாவட்டங்களில் பள்ளிகளிலும் கிளை நூலகங்களிலும் இதை நடத்தலாம் என்பது நல்ல யோசனை. ஆனால் விளக்கத்தில் ஒரு பெரிய பிசகு இருந்தது. பெரியவர் ஒருவர் கதை சொல்லிக்கொண்டு போக, பிள்ளைகள் அதில் வருகிறவர்களாகப் பேசி நடிப்பது என்பதுபோல் எழுதியிருந்தது. அப்படி நடத்தினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். வருகிறவர்களும் "இப்ப என்ன பண்ணணும் சார்?" என்று கேட்டுவிட்டு நடத்துபவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த விளையாட்டில் நடத்துபவர் சொல்வது நிலைமையை மட்டும். அந்த நிலைமையில் என்ன செய்வது என்று ஆடுகிறவர் எடுக்கும் முடிவுதான் விளையாட்டு. அந்த முடிவால் பின்னால் நடப்பது மாற வேண்டும். மாறாவிட்டால் அது பொம்மலாட்டம். கயிறு முழுவதும் திரைக்குப் பின்னால் இருப்பவர் கையில்.

இது பிறந்த வரலாறே இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969-இல் நெப்போலியன் காலத்துப் போர் விளையாட்டு ஒன்றை நடத்தினார். பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்துவதுதான் அதுவரை வழக்கம். அவரோ பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர் ஒன்றை அமைத்து, படைத்தலைவர்களோடு நிறுத்தாமல் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு பாத்திரத்தையும், அந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்பதையும் கொடுத்தார். போர் தொடங்குவதற்குள் ஆட்டக்காரர்கள் அங்கங்கே ஒதுங்கிப் பேரம் பேசவும் ரகசியத் திட்டம் போடவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டம் கெட்டது என்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மறுபடி நடத்தச் சொன்னார்கள். அந்த வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னிசன்தான் பின்னால் கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டவர். ஆளுக்கொரு நோக்கம் இருந்தது, அதை நோக்கி நடக்க அனுமதியும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததில் பிறந்ததுதான் இந்த விளையாட்டு.

ஆகவே முதல் வேலை, பாத்திரத்துக்கு நோக்கம் எழுதுவது. பெயர், வயது, தொழில், ஆயுதம் என்று தாளை நிரப்புவதில் அரைமணி நேரம் போய்விடும். ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துவது நோக்கம் என்ற ஒற்றை வரிதான். அதைப் பிள்ளைதான் எழுத வேண்டும். நடத்துபவர் கேள்வி கேட்டுச் செதுக்கிக் கொடுக்கலாம்.

ஒன்றை எடுத்துக்காட்டுகிறோம். ஆட்டம் நடப்பது மேட்டூர் அணை வருவதற்கு முந்தைய காலம், 1924 ஆனி மாதம், ஒரு கிளை வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கற்பனைக் கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணை 1934-இல்தான் வந்தது. அதற்கு முன் ஆற்றில் தண்ணீர் வருகிறபோதுதான் வரும். ஒரு மாணவி, அஞ்சலை என்ற பாத்திரத்தை எடுக்கிறாள். கடைமடையில் மூன்று மா குத்தகை நிலம், அதாவது ஒரு ஏக்கர். நோக்கம் என்ன என்று கேட்டால் முதலில் அவள் எழுதுவது "நல்லா வாழணும்" என்று இருக்கும். இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. யாருக்குத்தான் அது வேண்டாம்? இன்னும் கொஞ்சம் கேட்டால் "எங்க வயலுக்குத் தண்ணி வரணும்" என்று வரும். இது பரவாயில்லை, ஆனாலும் தண்ணீர்தான் இதில் வருகிறது, அஞ்சலை எதையும் செய்யவில்லை. ஆசையை நோக்கமாக்க வினைச்சொல் அவளுடையதாக இருக்க வேண்டும். மூன்றாம் முறை: "ஆடிப் பதினெட்டுக்குள்ள எங்க கடைமடைக்குத் தண்ணி கொண்டாருவேன். அதுக்காகக் கணக்குப்பிள்ளை வீட்டுப் படி ஏறமாட்டேன்."

இப்போது பாருங்கள். நாள் இருக்கிறது, ஆடிப் பதினெட்டு தாண்டினால் தோற்றது என்று எல்லோருக்கும் தெரியும். செய்கிறவள் அவள். குறுக்கே நிற்பவர் ஊர்க்கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை என்று தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டாவது வாக்கியத்தில் அவள் தனக்கே ஒரு வேலி போட்டுக்கொண்டாள். ஆட்டத்தின் நடுவில், கணக்குப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டால் நாளைக்கே மடை திறக்கும் என்ற கட்டம் வரும்போது அந்தப் பெண் என்ன முடிவெடுப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. அங்கேதான் மேசையில் பேச்சு நின்று எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். பல நூறு பக்க விதிப்புத்தகம் தராத கணம் அது.

எழுதிய வரியை நான்கு கேள்வியால் தட்டிப் பார்க்கலாம். நாளைக் காலையில் இதற்காக முதலில் என்ன செய்வாய்? யார் தடுப்பார்? ஜெயித்ததும் தோற்றதும் எப்படித் தெரியும்? எதை விட்டுக்கொடுக்க மாட்டாய்? முதல் கேள்விக்குப் பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால் நோக்கம் இன்னும் மேகத்தில்தான் இருக்கிறது. "அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்குவேன்" என்பதும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். கொன்றவன் யார், எங்கே இருக்கிறான் என்று நடத்துபவர் சொல்லும்வரை அந்தப் பிள்ளைக்கு வேலையே இல்லை. "வெள்ளையாற்றுக் கரையில் சத்திரம் வைத்திருப்பவனிடம் அந்தப் பெயரை வாங்குவேன்" என்று மாற்றிவிட்டால் உடனே கால் நகரும்.

ஒருவருக்கு இரண்டு நோக்கம் போதும். ஒன்று ஒரே அமர்வில் முடியக்கூடியது, மற்றது இரண்டு மூன்று அமர்வு இழுக்கக்கூடியது. மூன்றாவது எழுதினால் அது பெரும்பாலும் தாளிலேயே தூங்கும். ஒன்றாவது பக்கத்தில் இருப்பவரின் பாத்திரத்தைத் தொட வேண்டும். அஞ்சலையோடு ஆடும் மற்ற மூவரை இப்படி அமைக்கலாம். மடை திறந்து மூடும் வேலை பார்க்கும் மாணிக்கம், மகள் கல்யாணம் முடியும்வரை அந்த வேலையைக் காப்பாற்ற நினைக்கிறார். முறை தவறி மேல்மடைக்குத் தண்ணீர் விட்டதை மறைத்தும் வைத்திருக்கிறார். கணக்குப்பிள்ளை மகன் வைத்தி, அப்பா எழுதிய பொய்க்கணக்கு ஒன்றை யாருக்கும் தெரியாமல் திருத்தப் பார்க்கிறான். தவில் கற்கும் சுந்தரம், தலைமடை ஊர்த் திருவிழாவில் வாசித்தே தீருவது என்று இருக்கிறான். அங்கே யார் வாசிப்பது என்று சொல்கிறவர் மிராசுதார். முறை தவறித் தண்ணீர் போனதற்கு அஞ்சலைக்கு வேண்டிய ஆதாரம் வைத்தி வீட்டுக் கணக்கில் இருக்கிறது. அது வெளியே வந்தால் மாணிக்கம் வேலை போகும். மிராசுதாரைப் பகைத்தால் சுந்தரத்துக்கு மேடை இல்லை. நடத்துபவர் ஒரு வரிக் கதைகூட எழுதவில்லை; ஆனால் மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டம் இருக்கிறது.

நோக்கங்கள் முட்டிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வழியில் முட்டிக்கொண்டால் நல்லது. ஒருவர் ஜெயித்தாலே மற்றவர் ஒழிந்தார் என்று இருந்தால், இரண்டாவது அமர்வில் நிஜமான சண்டை வரும், முக்கியமாகப் பிள்ளைகளிடம். மாணிக்கம் வேலை போகாமலும் உண்மை வெளிவர ஏதாவது வழி இருக்க வேண்டும். அது எது என்று நடத்துபவர் முன்கூட்டி யோசிக்க வேண்டியதில்லை, இருக்க முடியாதபடி அடைத்துவிடாமல் இருந்தால் போதும்.

நடத்துபவர் தயாரிக்க வேண்டியது ஒரு தாள், இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் ஊர்ப்படம்: ஆறு, தலைமதகு, வாய்க்கால், கோயில், மிராசுதார் வீடு, கணக்குப்பிள்ளை திண்ணை, கடைமடை. மறுபக்கத்தில் ஆறு ஆட்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் அவர் அடுத்து என்ன செய்வார். கீழே, ஆட்டம் போகப்போக நெருங்கி வரும் மூன்று அபாயங்கள், வெள்ளம் போல. அவ்வளவுதான். எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பிள்ளைகளை எழுவாயாக வைத்து எதிர்காலத்தில் முடியும் வாக்கியம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். "பிள்ளைகள் கோயிலுக்குப் போவார்கள்", "குருக்களிடம் ஓலையைக் கேட்பார்கள்" என்று இருந்தால் அடித்துவிடுங்கள். அவர்கள் போகாவிட்டால் என்ன ஆகும்? போகவைக்க நடத்துபவர் தள்ளத் தொடங்குவார். மழை வரும், பாதை அடைபடும், யாரோ கையைப் பிடித்து இழுத்துப்போவார்கள். பிள்ளைகள் இதை மிகச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொரு தந்திரம் இதைவிட மோசம். இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் அதே திருடர்களை எதிரே நிறுத்துவது. தயாரிப்பு வீணாகாது என்று இதைச் சிலர் சிபாரிசு செய்கிறார்கள். எங்களுக்கு உடன்பாடில்லை. தெரியவந்த நாளிலிருந்து பிள்ளைகள் எந்தப் பாதையையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. அதேபோல், மூன்று பாதை இருக்கிறது, எதில் போகிறாய் என்று மட்டும் கேட்பதும் தேர்வு ஆகாது. எதைப் பற்றியும் ஒன்றும் தெரியாதபோது அது சீட்டுக் குலுக்கல். கரைமேல் போனால் சீக்கிரம், ஆனால் மிராசுதார் ஆட்கள் பார்ப்பார்கள். வயல்வழி போனால் யாரும் பார்க்கமாட்டார்கள், ஆனால் இருட்டிவிடும் என்று சொன்னால்தான் யோசிக்க விஷயம் கிடைக்கிறது.

ஆட்டம் முட்டுச்சந்தில் நிற்பது பெரும்பாலும் ஒரே வாசல் வைப்பதால். பொய்க்கணக்கு பற்றி அறிய வழி குருக்கள் மட்டும்தான் என்று வைத்து, அவரிடம் பேசும்போது உருட்டிய தாயக்கட்டை எதிராக விழுந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்தே ஆகவேண்டிய ஒவ்வொரு விஷயத்துக்கும் மூன்று தடயம் வையுங்கள், மூன்றும் வெவ்வேறு இடத்தில். கணக்குப் புத்தகத்தில் மை நிறம் மாறியிருப்பது, மேல்மடை வயலில் முறை இல்லாத வாரத்திலும் ஈரம் இருப்பது, மாணிக்கத்தின் பேச்சுத் தடுமாற்றம். ஒன்றைத் தவறவிட்டாலும் ஒன்று கையில் அகப்படும்.

1924-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. ஆடிப் பதினெட்டுக்குள் தண்ணீர் வேண்டும் என்று போராடுகிற கடைமடைக்கு, அதற்கு முன்பே தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு வரும். வெள்ளத்தைப் பிள்ளைகள் தடுக்க முடியாது, தடுக்கவும் விடக்கூடாது, நடந்தது நடந்ததுதான். அப்போது அவர்கள் முடிவுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். வெள்ளம் வருவது நடத்துபவர் கையில். அது வரும்போது எந்தக் கரை தூர்வாரிய மண்ணால் உயர்த்தப்பட்டிருக்கிறது, கணக்குப் புத்தகம் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது, மிராசுதாரும் அஞ்சலையும் ஒரே மேட்டில் நின்று பேசிக்கொள்ளும் நிலையில் இருக்கிறார்களா என்பதெல்லாம் பிள்ளைகள் கையில். நடக்கப்போகிற சம்பவத்தை முன்பே தீர்மானிக்கலாம். அதன் விளைவைத் தீர்மானிக்கக் கூடாது. வரலாற்றுப் பின்னணியில் ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் இந்த வேறுபாடு பொருந்தும். நாதஸ்வரக்காரர் தோடியை எடுத்தால் தோடிக்குள்தான் இருக்கிறார். அந்த எல்லைக்குள் அவர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்காகத்தானே விடியும்வரை உட்கார்ந்து கேட்டார்கள்.

இனி, செய்கிற காரியம் பலிக்குமா என்று பார்க்க உருட்டும் கட்டை. இருபது பக்கப் பகடை வாங்க இணையத்தில் தேடவேண்டும் என்று தயங்க வேண்டாம். வீட்டுப் பரணில் பித்தளைத் தாயக்கட்டை இருக்கும். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என நான்கு பக்கம். சேர்த்து உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது கூட்டி ஒன்று, 2 விதம்; இரண்டு 3, மூன்று 4, நாலு 3, ஐந்து 2, ஆறு 1, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டு 1. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம் என்று டெல்டாப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த நான்கையும் முழு வெற்றி என்று வையுங்கள்: 16-இல் 6. மூன்றும் நாலும் விழுந்தால் காரியம் நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும்: 16-இல் 7. இரண்டு விழுந்தால் தோல்வி: 16-இல் 3. கடினமான செயலென்றால் மூன்றையும் தோல்விப் பக்கம் தள்ளுங்கள். அப்போது தோல்வி 16-இல் 7 ஆகும், விலையோடு வெற்றி 3 ஆகும். தன் தொழிலுக்குள் வரும் செயலைச் செய்கிறவர் இருமுறை உருட்டி நல்லதை வைத்துக்கொள்ளலாம். சாதாரணச் செயலில் அவருக்கு முழு வெற்றி ஏறத்தாழ நூற்றுக்கு 61. கடினமான செயலில் தோல்வி நூற்றுக்கு 19. தொழில் தெரிந்தவருக்கு அவ்வளவு சலுகை இருக்கலாம்.

பழைய கட்டை ஓரம் தேய்ந்து ஒரு பக்கமே விழும். ஒவ்வொரு கட்டையையும் தனியாக 80 முறை உருட்டி எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 20-ஐ ஒட்டி வரவேண்டும். 12-க்குக் கீழோ 28-க்கு மேலோ போனால் வேறு கட்டை பாருங்கள். ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை இந்தக் கணக்குக்கு உதவாது; ஒவ்வொரு கொட்டையும் ஒவ்வொரு மாதிரி விழும். சாதாரண ஆறுபக்கப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டி, 10-க்கு மேல் வெற்றி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி என்ற முறை 2010-க்குப் பிறகு பல விளையாட்டுகளில் பரவியிருக்கிறது. பத்தும் வெற்றியில் சேர்த்தி. திறமைக்கு எதுவும் கூட்டாமல் அப்படியே ஆடினால் 36-இல் 15 தோல்வி, 6-தான் முழு வெற்றி. புதிய பிள்ளைகளுக்கு அது வறட்சி. தாயக்கட்டையே மேல்.

கட்டையை எப்போது உருட்டுவது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. வெற்றி, தோல்வி இரண்டுமே ஆட்டத்தை எங்காவது கொண்டுபோகும் என்றால் மட்டும் உருட்டுங்கள். கதவு திறக்காவிட்டால் ஒன்றும் நடக்காது என்றால் கதவைத் திறந்துவிடுங்கள். உருட்டுவதற்கு முன் மூன்றும் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும்: நான் செய்வது இது, எனக்கு வேண்டியது இது, தவறினால் ஆவது இது. முதல் இரண்டையும் ஆடுகிறவர் சொல்லட்டும், மூன்றாவதை நடத்துபவர். கேட்ட பிறகு மனம் மாறினால் வேறு வழி யோசிக்க இடம் கொடுங்கள். "ராத்திரி மதகை நானே தூக்குறேன்" என்கிறாள் அஞ்சலை. "தவறினா மதகுப் பலகை உடையும், சத்தம் தலைமடை வரைக்கும் கேட்கும்" என்கிறார் நடத்துபவர். அவள் கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே யோசிக்கிறாள், கீழே வைத்துவிட்டு, "சுந்தரம், நீ அந்த நேரத்துல தவில் வாசிப்பியா?" என்று திரும்பிக் கேட்கிறாள். அபாயத்தை முன்பே சொல்லாமல் உருட்டிய பிறகு அறிவித்திருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்காது. தொழில் தெரிந்தவர் சலுகையைத் தவிர, ஒரு செயலுக்கு ஒருமுறைதான் உருட்டல். விழும்வரை உருட்டினால் வெற்றிக்கும் மதிப்பு இல்லை.

நோக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். இதற்குப் பல்லாங்குழியைவிட நல்ல கருவி இல்லை. பதினான்கு குழியில் ஒரு பக்கம் ஏழு பிள்ளைகளின் நோக்கங்களுக்கு, எதிர்ப்பக்கம் அபாயங்களுக்கு. சின்ன நோக்கம் நான்கு சோழியில் நிறையும். நான்கு சேர்ந்தால் பசு என்று அவர்களே சொல்வார்கள். பெரிய நோக்கத்துக்கும் ஒவ்வொரு அபாயத்துக்கும் ஆறு சோழி. ஏழு குழிதான் இருப்பதால் நான்கு பேருக்கும் ஒரு நோக்கம் முதலில் போட்டு, மீதி மூன்றை வேண்டுகிறவர் எடுத்துக்கொள்ளலாம். நோக்கத்தை நோக்கிச் செய்த செயலில் முழு வெற்றி என்றால் அந்தக் குழியில் இரண்டு சோழி. விலையோடு வெற்றி என்றால் அங்கே ஒன்று, அபாயத்தில் ஒன்று. தோல்வி என்றால் அபாயத்தில் மட்டும் ஒன்று. மூன்று மணி நேர அமர்வில் நான்கு பேர் ஆடினால் பன்னிரண்டு உருட்டல் வரும் என்று கணக்கு வையுங்கள். ஆளுக்கு மூன்று, சராசரியில் அவரவர் குழியில் மூன்றோ நான்கோ சோழி சேரும். அபாயப் பக்கத்தில் மொத்தம் ஏழெட்டு விழும். சின்ன நோக்கம் ஒரு அமர்வில் கைக்கெட்டும், பெரியது இரண்டு அமர்வு கேட்கும், அதற்குள் ஒரு அபாயமாவது முதிர்ந்துவிடும். இந்த வேகம் சரியான வேகம். எல்லா அபாயச் சோழியையும் ஒரே குழியில் கொட்டினால் முதல் அமர்விலேயே வெள்ளம் வந்துவிடும். எது நடந்ததோ அதற்கு ஏற்ற குழியில் போடுங்கள்.

ஒரு விளையாட்டு எதற்குப் பரிசு கொடுக்கிறதோ அதைத்தான் ஆடுகிறவர்கள் செய்வார்கள். 1974-இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் கொண்டுவந்த பொற்காசுக்கு, பாத்திரத்தின் திறமை ஏற உதவும் அனுபவப் புள்ளி கிடைத்தது. ஆகவே எல்லோரும் புதையலைத் தேடிப் பாதாளத்தில் இறங்கினார்கள். 2002-இல் வந்த 'பர்னிங் வீல்' என்ற விளையாட்டு, தன் பாத்திரத்தின் நம்பிக்கைகளை ஆடுகிறவரே எழுதி, அதன்படி நடந்ததற்குப் பரிசு பெறும்படி அமைத்தது. நமக்கும் அதுதான் வேண்டும். அமர்வு முடிந்ததும் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவர் நோக்கத்தையும் உரக்கப் படியுங்கள். அதற்காக ஏதாவது செய்தாரா என்று மற்றவர்கள் சொல்லட்டும். செய்திருந்தால் ஒரு புளியங்கொட்டை. அடுத்த அமர்வில் ஒருமுறை மறுபடி உருட்ட அது உதவும். முயன்று தோற்றவருக்கும் கொடுங்கள். கண்ணீரோடு நோக்கத்தைக் கைவிட்டவருக்கு இரண்டு கொடுங்கள். அஞ்சலை கணக்குப்பிள்ளை வீட்டுப் படி ஏறினால் அது தவறில்லை. அந்த ஆட்டத்தின் உச்சமே அதுவாக இருக்கலாம். இரண்டு அமர்வாக யாரும் தொடாத நோக்கத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள். பழையதைத் தூக்கிச் சுமக்கவேண்டும் என்று ஒன்றும் இல்லை.

பேசாத பிள்ளை எல்லா மேசையிலும் ஒன்று இருக்கும். அதனிடம் "நீ என்ன பண்றே?" என்று பொதுவாகக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும். அதன் தாளைப் பார்த்து, "மாணிக்கம், கல்யாணத்துக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான். விடிஞ்சா தலைமதகுக்கு ஆள் வர்றாங்க. அதுக்கு முன்னாடி யாரைப் பார்ப்பே?" என்று கேளுங்கள். பதில் வரும். வந்த பதில் எவ்வளவு சின்னதானாலும் அதனால் ஏதாவது ஒன்று மாறியே ஆகவேண்டும். ஒருமுறை மாறியது என்று பார்த்துவிட்டால் அடுத்தமுறை கேட்காமலே பேசும். எதிர்ப்பக்கத்தில், எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும் பிள்ளைக்கு வலச்சுற்றாக முறை வைப்பதுதான் மருந்து. வாய்க்கால் தண்ணீருக்கு வைக்கும் முறைதான். கூட்டாளியின் பணத்தைத் திருடிவிட்டு "என் பாத்திரம் அப்படித்தான்" என்பவரிடம், பாத்திரத்தை அப்படி எழுதியது நீதானே என்று அமைதியாகச் சொல்லி, மேசையில் இருக்கும் மற்றவர்களோடு ஒத்துப்போகிறபடி மாற்றி எழுதச் சொல்ல வேண்டும். சுதந்திரம் ஒருவருக்கு மட்டும் கொடுப்பதல்ல.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பழைய டெல்டாவைப் பின்னணியாக வைத்தால் பண்ணையும் சாதியும் கூடவே வரும். எந்தப் பிள்ளைக்கும் அதன் வீட்டைப் பார்த்துப் பாத்திரம் கொடுக்காதீர்கள். ஆறு பாத்திரத்தைக் காட்டி அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். ஆட்டம் தொடங்குமுன், எதெல்லாம் இந்த மேசைக்கு வேண்டாம் என்று ஒவ்வொருவரும் பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் போடட்டும். எழுதியது எதுவானாலும் காரணம் கேட்காமல் விலக்குங்கள். பெருக்கல் குறி போட்ட அட்டை ஒன்று நடுவில் இருக்கட்டும். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே நிற்கும், விளக்கம் கேட்கக் கூடாது. 1968 கீழ்வெண்மணி போன்ற துயரங்களை விளையாட்டுப் பொருளாக்கவே கூடாது. நாகப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளோடு ஆடும்போது கடல் பொங்கும் காட்சியையும் யோசிக்காமல் வைக்காதீர்கள். 2004 அங்கே பல வீடுகளில் இன்னும் முடியவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறை இணைப்பில் இந்த விளையாட்டுக்கு அரைப்பக்கம் ஒதுக்க முடிந்தால், கதைச்சுருக்கமும் அதன் முடிவும் அச்சிட வேண்டாம். ஒரு கிராமத்தின் படம், ஆறு பேரின் பெயர், அவரவருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் என்ன செய்வார்கள், கீழே தாயக்கட்டைக் கணக்கு. பிள்ளைகள் வெட்டி எடுத்துக்கொள்ளும்படி, பாத்திரத்தின் நோக்கம் எழுத இரண்டு கோடு மட்டும் காலியாக விட்டு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு நடத்தும் வாசகர்கள்,
கும்பகோணம்